சொல்லாமல் காத்த பெயர்

1868-இல், இன்றைய ஜோர்தான் நாட்டிலுள்ள திபான் என்ற ஊரில், எழுத்துகள் வெட்டிய கரிய பசால்ட் கல் ஒன்று கிடப்பதை கிளைன் என்ற மிஷனரி பார்த்தார். திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டிய அதே சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்தவர் அவர். கல்லை யார் வாங்குவது என்பதில் போட்டி எழுந்தது. பூசல் முற்றி, அந்தப் பகுதி மக்கள் அதை உடைத்தே போட்டுவிட்டார்கள். அதற்கு முன்பே ஈரக் காகிதம் ஒட்டி எடுத்த அச்சு ஒன்று இருந்ததால், துண்டுகளைத் தேடிச் சேர்த்து மறுபடி நிறுத்த முடிந்தது. இன்று அது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மோவாபின் அரசன் மேசா கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் வெட்டி நிறுத்திய வெற்றிக் கல்வெட்டு அது. நேபோ என்ற ஊரைப் பிடித்ததையும், அங்கே இஸ்ரவேலின் கடவுளுக்கு உரியவையாக இருந்த பொருள்களை இழுத்துவந்து தன் தெய்வமான கேமோஷின் முன் போட்டதையும் அவன் அதில் பெருமையாகச் சொல்கிறான். அந்த இடத்தில் நான்கு எழுத்துகள் வருகின்றன: யோத், ஹே, வாவ், ஹே. இஸ்ரவேல் தன் கடவுளை அழைத்த பெயர். வேதாகமத்துக்கு வெளியே ஐயமின்றிப் படிக்கக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று இதுதான். அதை வெட்டி வைத்தவன் எதிரி. வெட்டிய நோக்கம் இழிவுபடுத்துவது.

எரியும் முட்செடியின் நடுவிலிருந்து மோசேக்குச் சொல்லப்பட்ட பெயர் என்று யாத்திராகமம் சொல்கிறது. நாம் வீட்டில் "கர்த்தர்" என்றும் "ஆண்டவர்" என்றும் சொல்லும்போது அந்தச் சொற்களுக்குப் பின்னால் நிற்பது அதே பெயர்தான். கல்லிலும் ஓட்டிலும் வெள்ளியிலும் தோலிலும் பயணம் செய்து, வழியில் ஒரு கட்டத்தில் ஒலியை இழந்து, தமிழர் வாய்க்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் நாம் பேசும் விதம் கொஞ்சம் மாறும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் அந்தப் பெயர் மூடி வைக்கப்படவில்லை. ரூத்தின் கதையில் போவாஸ் பெத்லெகேமிலிருந்து தன் வயலுக்கு வருகிறார். அறுவடை செய்கிறவர்களைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லி, அவர் உங்களோடு இருப்பாராக என்கிறார். அவர்களும் அதே பெயரைச் சொல்லி அவரை வாழ்த்துகிறார்கள். முதலாளிக்கும் கூலியாளுக்கும் இடையே வயல் வரப்பில் நடக்கும் சாதாரண வணக்கம்! மனிதர் ஒருவரையொருவர் வாழ்த்தும்போது கடவுளின் பெயரைச் சொல்லலாம் என்பதற்குப் பிற்கால யூத ரபிகள் போவாஸின் இந்த வணக்கத்தையே ஆதாரம் காட்டினார்கள்.

இன்னொரு காட்சி போர்க்களத்திலிருந்து கிடைக்கிறது. எருசலேமுக்குத் தென்மேற்கே லாகீஸ் என்ற கோட்டை நகரம். 1935-இல் ஸ்டார்க்கி என்ற ஆங்கிலேயரின் குழு அதன் வாசலறையைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. பாபிலோனியப் படை யூதாவை நெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஓசாயா என்ற அதிகாரி தன் மேலதிகாரிக்கு எழுதிய கடிதங்கள் அவற்றில் உண்டு. பல கடிதங்கள் அந்தப் பெயரோடுதான் தொடங்குகின்றன. நல்ல செய்தியை என் தலைவர் கேட்கும்படி அவர் செய்வாராக என்கிற பாணியில். ஒரு கடிதத்தில் ஓசாயாவுக்குக் கோபம். உனக்குக் கடிதம் படிக்கத் தெரியாதா என்று மேலதிகாரி கேட்டுவிட்டார் போலிருக்கிறது. கடவுள் உயிரோடிருப்பது உண்மையென்றால், எனக்கு இதுவரை யாரும் கடிதம் வாசித்துக் காட்டியதில்லை என்று அந்தப் பெயரின் மேல் ஆணையிட்டுப் பதில் எழுதுகிறார். 2,600 ஆண்டுக்கு முந்தைய இந்த ரோஷம் இன்றும் புரிகிறது. எழுதப் படிக்கத் தெரியும் என்ற அளவிலான ஒரு காரியத்துக்கும் அந்தப் பெயர் சாட்சிக்கு அழைக்கப்பட்டிருக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்துப் பொருள் ஒன்று எருசலேமிலேயே கிடைத்தது. 1979-இல் கபிரியேல் பார்க்காய் என்ற அகழ்வாய்வாளர் இன்னோம் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு கல்லறைக் குகையைத் தோண்டினார். அங்கே இரண்டு வெள்ளித் தகடுகள், சுருட்டப்பட்ட நிலையில். பெரியதைப் பிரித்தால் பத்து சென்டிமீட்டர் நீளம் வரும். சிறியது நான்கு சென்டிமீட்டர்கூட இல்லை. கழுத்தில் தாயத்தாகக் கட்டும் அளவு. அவை நொறுங்காமல் பிரிக்க ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. உள்ளே மயிரிழைக் கீறலாக, எண்ணாகமம் 6-ஆம் அதிகாரத்தில் ஆரோனின் மக்கள் ஜனங்களை வாழ்த்தச் சொன்ன ஆசீர்வாதத்தின் வரிகள். அவற்றினுள் அந்த நான்கெழுத்து. ஞாயிறு ஆராதனை முடிவில் ஆயர் கையுயர்த்திச் சொல்லும் அதே ஆசீர்வாதம். யாரோ ஒருவர் அதை உடம்போடு அணிந்து வாழ்ந்திருக்கிறார். இறந்த பிறகும் அவரோடு வைத்திருக்கிறார்கள். பெயருக்குக் காட்டும் மரியாதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சிறு தகடுதான்.

பத்துக் கட்டளைகளில் கடவுளின் பெயரை வீணாக வழங்கக் கூடாது என்பதும் ஒன்று. சி.எஸ்.ஐ. சபையார் இதை மூன்றாம் கற்பனை என்பார்கள். லுத்தரன் சபையாரும் கத்தோலிக்கரும் இரண்டாவதாக எண்ணுவார்கள். எண்ணிக்கை எதுவானாலும், அந்தக் கட்டளை முதலில் குறிவைத்தது பொய்யைத்தான். லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் இதைப் பச்சையாகச் சொல்கிறது: என் பெயரைச் சொல்லிப் பொய்யாணை இடாதே, அது என் பெயரைக் கெடுப்பதாகும் என்கிறது. போவாஸின் வணக்கத்தைக் கட்டளை தடுக்கவில்லை. கடன் வாங்கியதை இல்லையென்று சொல்லி அந்தப் பெயரைத் துணைக்கு அழைப்பதைத்தான் தடுக்கிறது.

எரேமியா இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய காலத்தில் தீர்க்கதரிசிகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் எதற்கெடுத்தாலும், இது கடவுளிடமிருந்து வந்த பாரம், எனக்குச் சொப்பனத்தில் வந்தது என்று பேசிக்கொண்டு திரிந்தார்கள். அவருடைய புத்தகத்தின் 23-ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒரு வியப்பான தடை வருகிறது. அந்தத் தொடரையே இனி வாயில் எடுக்காதே என்கிறார் கடவுள். அவரவர் தம் சொந்த வார்த்தையையே கடவுளின் பாரமாக ஆக்கிவிட்டார்களாம். கடவுளின் பெயரால் பேசுவதாகச் சொல்லுகிறவர்களின் வாயைக் கடவுளே அடைக்கும் இந்த அதிகாரத்தைச் சபைகளில் இன்னும் அடிக்கடி வாசிக்க வேண்டும்.

பாபிலோன் சிறையிருப்புக்குப் பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பெயர் மெல்ல மெல்ல நாவிலிருந்து இறங்கியது. என்றைக்கு என்று ஒரு தேதி சொல்ல முடியாது. லேவியராகமம் 24-இல் அந்தப் பெயரை நிந்திக்கிறவனுக்குச் சொன்ன தண்டனை, கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, பெயரை உச்சரிக்கிறவனுக்கே என்று ஆகியிருப்பதைப் பார்த்தால், அதற்குள் அச்சம் எவ்வளவு ஊறிவிட்டது என்பது தெரியும். ஆலயத்தில் ஆசாரியர்கள் ஆசீர்வாதம் சொல்லும்போது மட்டும் எழுதியபடியே உச்சரித்தார்கள், வெளியே மாற்றுச்சொல். பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியர் வாயிலிருந்து அந்தப் பெயர் வரும்போது பிராகாரத்தில் நின்ற ஆசாரியரும் மக்களும் முழங்காலிட்டு முகங்குப்புற விழுந்தார்கள் என்று யூத ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னா எழுதி வைத்திருக்கிறது. கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்தார்கள். அந்தப் பெயரை உரக்கச் சொல்லக்கூடிய இடமும் அதோடு போயிற்று.

இந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய முயற்சி வேண்டாம். கணவர் பெயரைச் சொல்ல மாட்டாமல், ரேஷன் கடைக்காரர் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பேரனைப் பார்த்து "நீ சொல்லுய்யா" என்று முகம் திருப்பிய பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியாததல்ல. நாளெல்லாம் மனத்தில் இருந்ததுதான்.

பேச்சில் நின்றது எழுத்திலும் படிந்தது. சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த தோல்சுருள்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சங்கீதச் சுருள் ஒன்றில் மற்ற எழுத்தெல்லாம் அக்காலத்து வழக்கமான எபிரேய வடிவம். அந்தப் பெயர் வரும் இடத்தில் மட்டும் பல நூற்றாண்டு பழைய எழுத்து வடிவம். வாசிப்பவர் வாய்தவறிச் சொல்லிவிடாமல் கண்ணுக்கு ஒரு எச்சரிக்கை. வேறு சில சுருள்களில் எழுத்தே இல்லை, நான்கு புள்ளிகள் மட்டும். கும்ரானில் வாழ்ந்த யூதச் சமூகத்தின் ஒழுங்குநூல், வனாந்தரத்தில் வழியை ஆயத்தம் பண்ணச் சொல்லும் ஏசாயாவின் வசனத்தை எடுத்தாளும்போது, யாருக்கு வழி என்ற இடத்தில் நான்கு புள்ளிகளை வைத்திருக்கிறது. யோவான் ஸ்நானகனைப் பற்றிச் சொல்லும்போது நான்கு சுவிசேஷங்களும் எடுக்கும் வசனம் இதுதான். அங்கே கிரேக்கத்தில் "கூரியோஸ்" என்று நிற்கிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் "கர்த்தர்". அந்த நான்கு புள்ளிகளுக்குமேல்தான் நம்முடைய சொல் உட்கார்ந்திருக்கிறது.

கிரேக்கம் மட்டுமே தெரிந்த யூதர்களுக்காக எழுதிய பிரதிகளிலும் சிலவற்றில் அந்தப் பெயரை எபிரேய எழுத்திலேயே விட்டுவைத்தார்கள். இதனால் ஒரு விபரீதம் நேர்ந்தது. எபிரேயம் அறியாதவர்கள் அந்த நான்கெழுத்தின் உருவத்தைக் கிரேக்க எழுத்தாக எண்ணி "பிபி" என்று வாசித்தார்களாம். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்த ஜெரோம் தம் சீடர் மார்செல்லாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதைக் குறிப்பிடுகிறார்.

இயேசு வளர்ந்தது இந்த மௌனத்துக்குள்தான். அவர் பேச்சைக் கவனித்துப் படித்தால் அது தெரியும். கெட்ட குமாரன் தகப்பனிடம் திரும்பி வந்து, பரத்துக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்கிறான். கடவுளுக்கு விரோதமாக என்பதைத்தான் அப்படிச் சொல்கிறான். மத்தேயு ஏறக்குறைய எங்கும் பரலோக ராஜ்யம் என்றே எழுதுகிறார். பிரதான ஆசாரியர் முன் நிற்கும்போதும் இயேசு கடவுளை வல்லமை என்ற சொல்லால் குறிக்கிறார். சத்தியமே பண்ணாதீர்கள், வானத்தின் மேலும் வேண்டாம், பூமியின் மேலும் வேண்டாம், உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள் என்று மலைப்பிரசங்கத்தில் அவர் சொன்னது லேவியராகமத்தின் கட்டளையை அதன் வேர்வரை கொண்டு போனதுதான். பெயரை உச்சரிக்காமல் தப்பித்துக்கொண்டு, வானத்தின் மேல் சத்தியம், எருசலேமின் மேல் சத்தியம் என்று பொய்க்கு வேறு கதவு திறந்தவர்களை அவர் விடவில்லை. அதே இயேசு, ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தபோது முதல் விண்ணப்பமாக வைத்தது தந்தையின் பெயர் பரிசுத்தப்பட வேண்டும் என்பதை. அப்பத்துக்கு முந்திய இடம் அதற்கு.

பிறகு பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் பயணம் பெரிய திருப்பம் எடுக்கிறது. முழங்கால் யாவும் முடங்கும், நாவு யாவும் அறிக்கையிடும் என்று ஏசாயா அந்த நான்கெழுத்துக் கடவுளைப் பற்றிச் சொன்னதை, பவுல் இயேசுவுக்குச் சொல்கிறார். இயேசுவே கர்த்தர் என்று ஒவ்வொரு நாவும் சொல்லும் என்கிறார். எல்லாப் பெயருக்கும் மேலான பெயர் சிலுவையில் அறையப்பட்டவருக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தின் நடுக்கல். அப்போஸ்தலர் காலத்திலேயே அந்தப் புதிய பெயரையும் வியாபாரமாக்க முயன்றவர்கள் இருந்தார்கள். எபேசுவில் ஸ்கேவாவின் ஏழு குமாரர்கள் இயேசுவின் பெயரை மந்திரம்போலச் சொல்லிப் பேயோட்டப் போய், அடிபட்டு, துணியில்லாமல் ஓடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 19 சொல்கிறது.

ஆதிக் கிறிஸ்தவர்கள் கிரேக்கச் சுவடி எழுதும்போது கடவுள், கர்த்தர், இயேசு, கிறிஸ்து ஆகிய சொற்களை முழுதாக எழுதாமல் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் வைத்து மேலே ஒரு கோடு போட்டார்கள். இடத்தை மிச்சப்படுத்த அல்ல. சுற்றிலும் தாராளமாக இடம் விட்டு எழுதிய சுவடிகளிலும் இதைக் காணலாம். நான்கெழுத்துக்குக் காட்டிய மரியாதை அந்தக் கோடாக இவர்களிடமும் வந்துசேர்ந்தது.

யூதர்கள் தங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கத்தைக் காத்தார்கள். பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது. பழசானால் ஜெப ஆலயத்தின் ஓர் அறையில் சேர்த்து வைத்துப் பிறகு புதைப்பார்கள். பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிச் சேர்ந்த தாள்கள் புதைக்கப்படாமலே பல நூற்றாண்டு தங்கிவிட்டன. 1896-97 குளிர்காலத்தில் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் அங்கே போய் அந்தக் குவியலில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே மட்டும் 1,90,000-க்கு மேற்பட்ட துண்டுகள். வேதப் பிரதிகளோடு வணிகக் கடிதம், கடன் பத்திரம், திருமண ஒப்பந்தம், குழந்தைகளின் எழுத்துப் பயிற்சி எல்லாம் இருந்தன. இந்திய மிளகு வணிகம் பற்றிய யூத வணிகரின் கடிதங்களும் அங்கிருந்துதான் கிடைத்தன. ஒரு பெயர்மேல் வைத்த மரியாதையால் ஓர் உலகமே பிழைத்தது!

அந்தக் குவியலிலிருந்து 1897-இல் பர்கிட் என்ற அறிஞர் வெளியிட்ட ஒரு துண்டு எனக்கு மிகவும் பிடித்தது. அக்கிலா என்பவரின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ராஜாக்களின் புத்தகப் பகுதி அது. கிரேக்க வரிகளுக்கு நடுவே அந்தப் பெயர் மட்டும் பழைய எபிரேய வடிவில் எழுதப்பட்டிருக்கிறது. ஓரிடத்தில் வரி முடியும்போது இடம் போதவில்லை. எழுதியவர் அங்கே கிரேக்கத்தில் "கூரியோஸ்" என்பதன் சுருக்கத்தை இரண்டெழுத்தில் எழுதிவிட்டார். எழுத்தில் என்ன இருந்தாலும் வாயில் என்ன சொன்னார்கள் என்பதை அந்த அரை அங்குல நெருக்கடி காட்டிக்கொடுத்துவிட்டது.

எபிரேயத்துக்கு உயிரொலிக் குறி இட்ட திபேரியா நகரத்துப் பண்டிதர்கள், நான்கெழுத்தின் மேல் "அதோனாய்", அதாவது ஆண்டவர், என்ற மாற்றுச்சொல்லின் குறிகளை வைத்தார்கள். இப்படி வாசி என்பதற்கான குறிப்பு அது. இடைக்கால ஐரோப்பிய அறிஞர்கள் இரண்டையும் ஒட்டி வாசித்ததில் பிறந்ததுதான் யேகோவா என்ற உருவம். 1530-இல் டின்டேல் அச்சிட்ட ஆங்கில ஐந்நூலில் அது இடம்பிடித்தது. 1611-இன் கிங் ஜேம்ஸ் வேதாகமம் ஒருசில இடங்களில் மட்டும் அதை வைத்து, மற்ற ஆயிரக்கணக்கான இடங்களில் ஆண்டவர் என்ற பொருளுடைய சொல்லையே பெரிய எழுத்தில் அச்சிட்டது.

இங்கிலாந்தில் சட்டமும் இதில் தலையிட்டது. மேடை நாடகத்தில் கடவுளின் பெயரை விளையாட்டாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று 1606-இல் ஒரு சட்டம் வந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 பதிப்பில் பல ஆணைமொழிகள் நீக்கப்பட்டோ வானம் என்று மாற்றப்பட்டோ இருப்பது அதன் விளைவு. அதைவிடப் பெரிய காரியத்தைக் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையார் செய்தார்கள். சத்தியமே பண்ணாதீர்கள் என்ற இயேசுவின் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டு நீதிமன்றத்தில் ஆணையிட மறுத்தார்கள். அதற்காகச் சிறை சென்றார்கள். அவர்கள் ஆணைக்குப் பதில் உறுதிமொழி தரலாம் என்று 1695-இல் ஆங்கிலச் சட்டம் இடம் கொடுத்தது. இன்று நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதிகூறலாம் என்று இரண்டு வழி இருக்கிறது. இரண்டாவதைத் தேர்பவரை இறைநம்பிக்கை இல்லாதவர் என்றே நாம் நினைக்கிறோம். அந்த வழியை வெட்டித் தந்தவர்களில் கடவுளின் பெயருக்கு அஞ்சிய கிறிஸ்தவர்களும் உண்டு.

தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றே இந்தப் பயணத்தின் ஒரு படிதான். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் "தம்பிரான் வணக்கம்". அன்றிக்கே அடிகள் என்று முத்துக்குளித்துறை மக்கள் அழைத்த அன்றீக்கஸ் கடவுளுக்குத் தம்பிரான் என்ற சொல்லை எடுத்தார். சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பிறகு வேதாகமத்தை மொழிபெயர்த்த பப்பிரிசியுஸ் பராபரன் என்றார். 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் வந்த பதிப்பு தேவன், கர்த்தர் என்ற சொற்களை நிலைநிறுத்தியது. சீர்திருத்தச் சபைகளின் வீட்டுப் பேச்சு இன்றுவரை அந்தப் பதிப்பின் சொற்களிலேயே ஓடுகிறது. கத்தோலிக்கரும் மற்றவரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வந்த திருவிவிலியத்தில் ஆண்டவர், கடவுள். எந்தச் சொல்லானாலும், அந்த நான்கெழுத்தின் இடத்தில் மரியாதைப் பன்மையோடு ஒரு மாற்றுச்சொல்லை வைக்கும் பழைய யூத வழக்கத்தைத்தான் நம் மொழிபெயர்ப்பாளர்கள் தொடர்ந்தார்கள்.

பெயர் முழுதாக மறைந்துவிடவும் இல்லை. பவர் பதிப்பில் யாத்திராகமம் 6-இலும் 83-ஆம் சங்கீதத்திலும் யேகோவா என்றே நிற்கிறது. ஆட்டோக் கண்ணாடியில் யேகோவாயீரே என்று எழுதி ஓடுகிறது. எரேமியா, ஏசாயா, யோனத்தான், யோவேல் என்று நம் பிள்ளைகளைக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெயரின் ஒரு துண்டு நம் வாயில் வருகிறது. அல்லேலூயா என்பதன் கடைசி அசை அதன் குறுக்கம்தான். பிரதான ஆசாரியர் வாயில் கேட்டு மக்கள் தரையில் விழுந்த பெயரின் அசையை ஒரு ஞாயிறு ஆராதனையில் எத்தனை முறை சொல்கிறோம்! பிரசங்கத்தின் நடுவே அடுத்த வாக்கியம் வரும்வரை மூச்சு நிரப்ப அதைப் பயன்படுத்துகிற பழக்கத்தைப் பிரசங்கிமார் விட்டுவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

20-ஆம் நூற்றாண்டின் நடுவில் சில கத்தோலிக்க மொழிபெயர்ப்புகள், அறிஞர்கள் ஊகித்த பழைய உச்சரிப்பையே வேதத்திலும் பாடலிலும் கொண்டுவந்தன. நம் பாடல்களிலும் அது புகுந்தது. 2008 ஜூன் 29 தேதியிட்டு வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் ஆயர் பேரவைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. வழிபாட்டிலும் பாடலிலும் ஜெபத்திலும் அந்த உச்சரிப்பு வேண்டாம், ஆண்டவர் என்பதற்கு இணையான சொல்லையே வழங்குங்கள் என்றது. கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் அப்போது அந்தப் பேராயத்தின் செயலர், பின்னாளில் கொழும்புப் பேராயரான இலங்கையர் மால்கம் ரஞ்சித். யூதர்களின் பழைய வழக்கத்தையும் முதல் கிறிஸ்தவர்களின் வழக்கத்தையும் காரணமாகக் காட்டிய அந்த முடிவு சரியானது என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையிலும் அதனால்தான் அந்த உச்சரிப்பை எழுதவில்லை.

இனி நம் வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். பிள்ளை தடுக்கி விழுந்ததும் "ஆண்டவரே!" என்று தாய் அலறுகிறாள். இது வீண்பேச்சா என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 1529-இன் சிறிய ஞானோபதேசத்தில் லூத்தர் இந்தக் கட்டளையை விளக்கும்போது, அந்தப் பெயரைச் சொல்லிச் சபிக்காதே, பொய் சொல்லாதே, ஏமாற்றாதே என்று சொல்லிவிட்டு, எல்லா ஆபத்திலும் அதைச் சொல்லிக் கூப்பிடு என்றும் சேர்த்தார். அந்தத் தாய் கட்டளையை மீறவில்லை, கைக்கொள்கிறாள். போனை எடுத்ததும் "ஸ்தோத்திரம் ஐயா" என்பதும், "பிரைஸ் த லார்டு பிரதர்" என்பதும், "தேவ கிருபையில நல்லாருக்கோம்க்கா" என்பதும் போவாஸின் வயல் வரப்பு வணக்கத்தின் வாரிசுகள். அவை நிலைக்கட்டும். "ஓ மை காட்" என்று பிள்ளைகள் எதற்கும் சொல்வதைத் திருத்தத்தான் வேண்டும். அன்பாக ஒருமுறை சொன்னால் போதும்.

என்னை வருத்துவது வேறு. "ஜெபம் பண்ணினோம், கர்த்தர் வேண்டாம்னு சொல்லிட்டார்." பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகர் மூலம் சொல்லி அனுப்பும் பதில் இது. உண்மையில் நடந்தது என்ன என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். நகை குறைந்தது, நிறம் குறைந்தது, அல்லது சாதி வேறு என்பது தெரிந்துவிட்டது. சாதி பார்த்தோம் என்று சொல்ல வாய் கூசுகிறது. அந்தக் கூச்சத்தை மூடக் கர்த்தரின் பெயர் போர்வையாகிறது. கிறிஸ்தவப் பத்திரிகைகளின் மணமகன் தேவை விளம்பரங்களில் பக்தியுள்ள, இரட்சிக்கப்பட்ட என்ற சொற்களுக்கு அடுத்தபடியாக உட்பிரிவு வரை சாதி அச்சாகிறதே, அதைப் படிக்கும்போது எரேமியா 23 நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

அண்ணன் தம்பி சொத்துப் பிரிக்கும்போது "பைபிள் மேல சத்தியமா" என்று அடிக்கிற ஆணையும், காணிக்கைத் தொகையைக் கர்த்தரே சொன்னதாக மேடையில் அறிவிப்பதும், ஆமென் என்று போட்டு ஏழு பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்துவதும் இதே வரிசைதான். உதடு மிக மரியாதையாகத்தான் இருக்கிறது. கர்த்தர், தேவரீர், நாமம், மகிமை எல்லாம் சரியாக உச்சரிக்கப்படுகின்றன. மேசா தன் கல்லில் அந்தப் பெயருக்கு உரிய பொருள்களைக் கேமோஷின் முன் போட்டதாக வெளிப்படையாக எழுதினான். நாமோ ஜெபம் பண்ணிவிட்டு அந்தப் பெயரையே சாதியின் காலடியில் போடுகிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வரனை வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தால், உங்கள் காரணத்தை உங்கள் பெயரிலேயே சொல்லுங்கள். எங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றாவது சொல்லுங்கள். சொல்லக் கூசுகிற காரணமாக இருந்தால், அந்தக் காரணத்தைக் கைவிடுங்கள். கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்று மட்டும் சொல்லாதீர்கள்.